'கோஎய்கன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானின் அசாஹி வகுப்புப் போர்க்கப்பல்களைப் பற்றி எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இந்த வகுப்பில் இரண்டே கப்பல்கள்: 2018-இல் பணியில் சேர்ந்த அசாஹி, 2019-இல் சேர்ந்த ஷிரனுய். 151 மீட்டர் நீளம், நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கிய வேலை. ஆங்கிலத்தில் 'டெஸ்ட்ராயர்' என்கிறார்கள். அதைப் பார்த்து நாமும் 'நாசகாரி' என்று எழுதிவருகிறோம். ஜப்பானியர் இந்தக் கப்பல்களை அப்படிச் சொல்வதில்லை.

அவர்கள் சொல் 'கோஎய்கன்'. மூன்று எழுத்துகள்: 'கோ' காத்தல், 'எய்' காவல், 'கன்' போர்க்கப்பல். இரண்டாம் உலகப் போர் வரை 'குச்சிகுகன்' என்றார்கள். துரத்தி விரட்டும் கப்பல் என்று பொருள். 1947 அரசமைப்பின் 9-ஆம் பிரிவில் ஜப்பான் போரைத் துறந்தது. 1954-இல் பிறந்த கடல்சார் தற்காப்புப் படை அந்தப் பழைய சொல்லைத் தன் கப்பல்களுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 'நாசகாரி' என்று எழுதினால் இந்த வரலாறே காணாமல் போகிறது.

என் பரிந்துரை: காவற்கலம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

—

ஐயா, ஆங்கிலத்தை விட்டு மூலத்துக்குப் போனது சரி. ஆனால் 'காவல்' என்றதும் கடலோரக் காவல்படைதான் நினைவுக்கு வரும். ஜப்பானில் அது தனி அமைப்பு, வெள்ளைக் கப்பல்கள். ஏவுகணை தாங்கிய சாம்பல் நிறக் கப்பலையும் அதையும் வாசகர் ஒன்றாக எண்ணிவிடுவார். பாதுகாப்பைக் குறிக்கும் 'ஏமம்' என்ற சங்கச் சொல் இருக்கிறதே, 'ஏமக்கலம்' எனலாமா?

—

காவல்படை பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 'ஏமக்கலம்' அழகுதான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கோயிலில் அடிக்கும் சேமக்கலம் காதில் ஒலிக்கிறது.

'கோஎய்' என்பது உடன் சென்று காப்பது. ஜப்பானின் அகிசுகி வகுப்புக் கப்பல்களைப் பாருங்கள்: ஏஜிஸ் என்ற வான்காப்பு அமைப்பைத் தாங்கிய கப்பல்கள் வானத்து ஏவுகணைகளில் கவனமாக இருக்கும்போது, பக்கத்தில் நின்று அவற்றைக் காக்கவே கட்டினார்கள். நம்மிடம் 'மெய்காப்பு' இருக்கிறது. அதிலிருந்து 'காப்புக்கலம்' என்று எடுத்தால் என்ன?

கூட்டுச் சொற்களில் வைத்துப் பார்த்தேன். ஏவுகணைக் காப்புக்கலம், ஹெலிகாப்டர் காப்புக்கலம்: இரண்டும் தடங்கலின்றி வருகின்றன. 248 மீட்டர் நீளமும் தட்டையான மேல்தளமும் கொண்ட இசுமோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை 'நாசகாரி' என்றால் படத்தைப் பார்ப்பவர் குழம்புவார். 'விமானந்தாங்கி' என்றால் ஜப்பான் அரசு அதற்கு இட்ட பெயர் மறைந்துவிடும். 'ஹெலிகாப்டர் காப்புக்கலம்' அதை அப்படியே சொல்லிவிடுகிறது.

பழைய கப்பல்களுக்கு 'நாசகாரி'யே இருக்கட்டும். ஷிரனுய் என்ற பெயரில் முன்பும் ஒரு கப்பல் இருந்தது; 1944 அக்டோபரில் மூழ்கியது. அது நாசகாரி. இப்போது ஓடும் ஷிரனுய், காப்புக்கலம். கட்டுரையில் இப்படியே எழுதப் போகிறேன்.