சாலகம் பெருக்கப் பெருக்க அவத்தைமாற்ற வெப்பநிலை நகருது, ஏன்?

கிளிநொச்சி மாணவி:
இருபரிமாண ஐசிங் மாதிரியை (சாலகம் என்கிற சதுரக் கட்டவலை, ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ பார்க்கிற ஒரு ஸ்பின், அதாவது சின்னக் காந்தம்) மெட்ரோபோலிஸ் முறையில் (ஸ்பின்களை ஒவ்வொன்றாய் நிகழ்தகவின்படி புரட்டுறது) பைத்தனில் ஓட்டுறன். சுழற்சி எல்லை (ஓரம் எதிர் ஓரத்தோடு சேரும்), பிணைப்பு வலு 1, வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் 20,000 சுற்று. பக்கம் 16 என்றால் வெப்பக்கொள்ளளவின் உச்சி 2.32இல், 32 என்றால் 2.29இல். முடிவில்லாச் சாலகம் காந்தத்தன்மையை இழக்கிற அவத்தைமாற்ற வெப்பநிலைக்கு அறிஞர் ஒன்சாகர் 1944இல் கண்ட விடையோ 2.269. 64இல் வளையி பல்லுப் பல்லாய் நிக்குது. கோடில் பிழையோ?

வவுனியா:
உச்சி நகருறது பிழையில்லை, தங்கச்சி. முடிவுள்ள சாலகத்தில் கூர்மையான அவத்தைமாற்றமே கிடையாது. தொடர்புத் தூரம் (ஸ்பின்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற தூரம்) பக்க நீளத்தை எட்டினதும் மேலே வளர இடமில்லை, உச்சி மழுங்கி நிக்கும். உங்கட எல்லைக்கு அதன் இடம் ஏறத்தாழ 2.269 × (1 + 0.36 ÷ பக்கம்). 16ஐப் போட்டுப் பாருங்கோ, 2.32 வரும்.

உயரத்தையும் சோதியுங்கோ. பக்கம் இரட்டிக்க, ஒரு ஸ்பின்னுக்கான வெப்பக்கொள்ளளவு 0.34 அளவில் கூடவேணும், மடக்கை வளர்ச்சி. காந்த ஏற்புத்திறனின் (வெளிக் காந்தப்புலத்துக்கு இணங்கிற அளவு) உச்சி 3.4 மடங்காகும். அது தாழ் வெப்பநிலையில் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் காந்தமாக்கத்தின் மட்டுப் பெறுமானத்தை (குறியை நீக்கின அளவை) எடுக்க மறந்திட்டியள்: சின்னச் சாலகம் நேர், மறை என்று புரளும்.

முல்லைத்தீவு:
64இன் பல்லுக்குக் காரணம் வேற. மாறுநிலைப் புள்ளியில், அதாவது அவத்தைமாற்றம் நடக்கிற இடத்தில், மெட்ரோபோலிஸ் பழைய நிலையை மறக்க எடுக்கிற சுற்றுகள் பக்கத்தின் 2.17ஆம் வலுவாய்க் கூடும். 16இலிருந்து 64க்கு 20 மடங்கு! வுல்ஃப் கொத்து முறைக்கு மாறுங்கோ. எழுமாற்றாய் ஒரு ஸ்பின்னில் தொடங்கி, அதே திசை அயலவரை 1 − அடுக்குக்குறி(−2 ÷ வெப்பநிலை) நிகழ்தகவில் சேர்த்து, கொத்து முழுதையும் புரட்டுறது. சேராமல் போன அயலவரை வேறொரு பிணைப்பு வழியே திரும்பவும் சோதிக்கவேணும். ‘பார்த்தாச்சு’ என்று ஒதுக்கினால் கொத்து சிறுத்து விடை பிழைக்கும். அநேகம் பேர் விழுகிற குழி இதுதான்.

கிளிநொச்சி மாணவி:
அப்ப 2.269ஐ எப்படி எடுக்கிறது? உச்சிகளை நீட்டிப் பார்க்கவோ?

வவுனியா:
அதைவிட பைண்டர் குணகம் நல்லது. காந்தமாக்கத்தின் நாலாம் வலுச் சராசரியை, இரண்டாம் வலுச் சராசரியின் வர்க்கத்தின் மூன்று மடங்கால் பிரித்து 1இலிருந்து கழியுங்கோ. வெப்பநிலை 2.22–2.32, இடைவெளி 0.01 போதும். 16, 32, 64 மூன்றின் வளையிகளும் 2.269 அருகே, 0.61 உயரத்தில் வெட்டும். திறந்த எல்லையில் இந்த 0.61 வராது.

முல்லைத்தீவு:
கரண்ட் போகும், இடைக்கிடை சேமியுங்கோ. சாலகத்தை மட்டுமில்லை, எழுமாற்று எண் பிறப்பாக்கியின் நிலையையும். இல்லாட்டி அதே விதையில் தொடங்கிப் பழைய எண்களே திரும்ப வரும்.