க்ரானோன் 2022: போகாச்சர் அந்த 2 நிமிடம் 51 வினாடியை எங்கே இழந்தார்?

மஞ்சள்கோடு:

நண்பர்களே, 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம், 11-ஆவது ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்). ஆல்பெர்வில்லில் தொடங்கி க்ரானோன் கணவாயில் முடிந்த 152 கி.மீ. காலையில் போகாச்சர், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருக்கிறார், விங்கெகோர் அவருக்கு 39 வினாடி பின்னால். மாலையில் விங்கெகோர் மஞ்சளில், போகாச்சர் மூன்றாம் இடத்தில்.

வர்ணனையில் எல்லாரும் கடைசி 5 கி.மீ. பற்றித்தான் பேசுகிறார்கள். விங்கெகோர் அங்கே அட்டாக் செய்தார், போகாச்சரால் எழுந்து போக முடியவில்லை, அவ்வளவுதான் என்கிறார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே, கலிபியே ஏற்றத்தில், போகாச்சர் தானே வேகத்தைக் கூட்டி விங்கெகோர் தவிர எல்லாரையும் உதறிவிட்டிருந்தார். அவ்வளவு பலத்தோடு இருந்த ஒருவர், ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்தில் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட இழப்பது எப்படி? தந்திரத்தில் பிழையா, சாப்பாட்டில் பிழையா, டீம் பலவீனமா?

இன்னொரு சின்னச் சந்தேகம். இழந்தது 2:51. ஆனால் அன்று மாலைப் பொதுப்பட்டியலில் (எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டிய பட்டியல்) விங்கெகோருக்கும் அவருக்கும் இடைவெளி 2:22. பாரிசில் முடியும்போது 2:43. இந்தக் கணக்கை யாராவது விளக்குங்களேன்.

பின்சக்கரம்:

என் பார்வையில் தோல்வி நடந்த இடம் க்ரானோன் இல்லை. டெலிகிராஃப் ஏற்றத்துக்கும் கலிபியே உச்சிக்கும் நடுவில், வல்வார் ஊரைத் தாண்டிய அந்தச் சாலைதான்.

அங்கே விங்கெகோரும் ரோக்லிச்சும் இருந்த ஜம்போ-விஸ்மா டீம் செய்ததைக் கவனித்துப் பாருங்கள். ரோக்லிச் பாய்கிறார், போகாச்சர் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த அடுத்த நொடி விங்கெகோர் பாய்கிறார், மறுபடி போகாச்சர்தான் துரத்துகிறார். மறுபடி ரோக்லிச். ஆளுக்கு ஒரு தடவை அடித்துவிட்டு மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். துரத்துகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடையாது. வேறு டீமின் ஜெரைன்ட் தாமஸ் அதே இடத்தில் ஒரே சீரான வேகத்தில் வந்துகொண்டிருந்தார். பாய்ச்சல் வந்தால் விட்டுவிடுவார், பிறகு மெல்ல ஒட்டிக்கொள்வார். அனுபவசாலி செய்கிற வேலை அது.

இந்த இடத்தை ஜம்போ தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. டெலிகிராஃப் 11.9 கி.மீ., சராசரி 7.1 சதவீதம். பிறகு கொஞ்சம் இறக்கம். அதன்பின் கலிபியே 17.7 கி.மீ., 6.9 சதவீதம். இந்தச் சராசரியை நம்பி ஏமாறக் கூடாது. வல்வாரிலிருந்து பிளான் லஷா வரை சரிவு மிதமாகத்தான் இருக்கும், கடைசி 8 கி.மீ.தான் உண்மையான செங்குத்து. மிதமான சரிவில் வேகம் அதிகம், அதனால் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி வந்தால் அவர் காற்றைத் தடுப்பதால் நல்ல மிச்சம். 20 மீட்டர் இடைவெளி விழுந்தாலே அந்த மிச்சம் போய்விடும், அதை மூட, நீண்ட நேரம் தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் வாட்ஸ் (பெடலில் செலுத்தும் சக்தி) கொட்ட வேண்டும். அட்டாக் செய்பவர் நினைப்பது அதுதான்: இவரை முந்துவது அல்ல, இவரைச் சக்தியைக் கொட்ட வைப்பது.

ரோக்லிச் அப்போது பொதுப்பட்டியலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தார். ஐந்தாம் ஸ்டேஜில், கல்பாவிய சாலையில் விழுந்து தோள்பட்டை விலகி, அன்றே 2:08 இழந்தவர். அவர் பாய்ந்தால் விட்டிருக்கலாம். விங்கெகோர் ஒருவரின் சக்கரம் போதும். போகாச்சர் இரண்டையும் பிடித்தார்.

வாட்மீட்டர்:

பின்சக்கரம் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. "ரோக்லிச்சை விட்டிருக்கலாம்" என்று இன்று சொல்வது சுலபம். அன்று தொடக்கத்திலேயே ஜம்போவின் வான் ஆர்ட்டும் லாபோர்ட்டும் முன்கூட்டத்தில் (எல்லாருக்கும் முன்னால் பிரிந்து ஓடும் சிறு குழுவில்) போய்விட்டார்கள். கலிபியே உச்சியிலிருந்து லோத்தாரே வழியாக க்ரானோன் அடிவாரம் வரை 30 கி.மீ.க்கு மேல், பெரும்பாலும் இறக்கம். ரோக்லிச் ஒரு நிமிட முன்னிலையோடு உச்சியைத் தாண்டி, கீழே வான் ஆர்ட் அவருக்காகக் காத்திருந்தால்? இறக்கத்தில் வான் ஆர்ட் இழுக்கும் வேகத்தைத் தனி ஆளாகத் துரத்த யாராலும் முடியாது. முன்கூட்டியே ஆள் அனுப்பி வைப்பதன் பயனே இதுதான். போகாச்சருக்கு அன்று எந்தப் பக்கமும் நல்ல வழி இல்லை.

அந்த நிலைக்குக் காரணம் டீம். போகாச்சரின் யுஏஇ டீம் எட்டுப் பேரில் லேங்கனும் ஜார்ஜ் பென்னட்டும் கோவிட்டால் ஏற்கனவே வெளியே. ஐந்து உதவியாளர்களில் உயர மலையில் நிலைத்தவர் மைக்கா ஒருவர்தான். ஜம்போ பாயும்போது போகாச்சர் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த ஆள் சீரான வேகத்தில் இழுத்து இடைவெளியை மூடியிருப்பார். தலைவர் உட்கார்ந்தபடியே வந்திருப்பார்.

இனி உடல் பக்கம். பலர் இதைத் தவறவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

66 கிலோ எடையுள்ள ஒருவர் கிலோவுக்கு 6 வாட்ஸ் வீதம் ஏறினால் 400 வாட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. உடல் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ 23 சதவீதம்தான் பெடலுக்குப் போகும், மிச்சம் வெப்பம். கணக்குப் போட்டால் மணிக்கு 1,500 கலோரி அளவு. இவ்வளவு தீவிரத்தில் எரிவது பெரும்பாலும் மாவுச்சத்துதான், கொழுப்பு அவ்வளவு வேகமாக எரியாது. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி என்றால் மணிக்கு 300 கிராமுக்கு மேல் தேவை. உள்ளே போவது எவ்வளவு? நன்றாகப் பழக்கிய குடலே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரைதான் வாங்கும், அதுவும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து கொடுத்தால். மிச்சம் எல்லாம் தசையில் இருக்கும் கிளைகோஜனிலிருந்து. அந்தச் சேமிப்பு 400, 500 கிராம் இருக்கும், கல்லீரலில் இன்னொரு 100.

இதில் பாய்ச்சல்கள் ஏன் ஆபத்து? எல்லைக்கு மேல் போகும் ஒவ்வொரு அரை நிமிடமும் கிளைகோஜனைப் பல மடங்கு வேகத்தில் தின்னும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் சாப்பிட முடியாது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில், வாய் மூச்சுக்கு. ஒரு ஜெல்லை (பாக்கெட்டில் வரும் மாவுச்சத்துக் குழம்பு) பின்பையிலிருந்து எடுத்து, பல்லால் கிழித்து, பிழிந்து, தண்ணீர் குடித்து முடிக்க இருபது விநாடியாவது அமைதியாக ஓட்ட வேண்டும். அந்த இருபது விநாடியை ஜம்போ தரவே இல்லை. பாட்டில் வாங்கி வர ஆளும் இல்லை. ஜூலை வெயில் வேறு. சூட்டில் ரத்தம் தோலுக்குப் போகும், குடலுக்குக் குறையும், தின்றதும் வயிற்றிலேயே நிற்கும்.

மேலே உயரம். கலிபியே உச்சி 2,642 மீட்டர், க்ரானோன் 2,413. சுமார் 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஆக்சிஜன் வாங்கும் திறன் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லை கீழே இறங்குகிறது, நமக்குத் தெரிவதில்லை. வல்வாரில் தாங்கிய அதே வாட்ஸ் மேலே எல்லை மீறலாகிவிடும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 5 கி.மீ.யில் 2:51 விந்தையே இல்லை. முன்னால் போகிறவர் மணிக்கு 18 கி.மீ. என்றால் 5 கி.மீ. ஏற 16 நிமிடம் 40 வினாடி. பின்னால் வருகிறவர் 15.37-க்கு இறங்கினால் 19:31. வித்தியாசம் மணிக்கு 2.6 கி.மீ. மட்டுமே. கண்ணுக்குச் சற்றுத் தளர்வு, கடிகாரத்தில் மூன்று நிமிடம்.

கிரான்க்செட்:

மஞ்சள்கோடு கேட்ட நேரக் கணக்கு எளிது.

போகாச்சர் 39 வினாடி முன்னால் இருந்தார். 2:51-இல் 39-ஐக் கழித்தால் 2:12. ஸ்டேஜ் வென்றவருக்கு 10 வினாடி போனஸ், இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கு 4. அன்று ஏழாவதாக வந்த போகாச்சருக்கு ஒன்றும் இல்லை. 2:12 உடன் 10, ஆக 2:22. இரண்டாவதாக வந்த கின்டானா 59 வினாடி பின்னால், பார்தே 1:10. பார்தே அன்று பொதுப்பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியதால்தான் போகாச்சர் மூன்றாவது.

பிறகு 17-ஆவது ஸ்டேஜில், பெராகுட்டில், போகாச்சர் வென்றார். போனஸ் வித்தியாசம் 4 வினாடி, இடைவெளி 2:18. அதற்குள் யுஏஇ நாலு பேராகக் குறைந்துவிட்டது, மைக்காவும் இல்லை. மறுநாள் ஓத்தகாமில் விங்கெகோர் 1:04 கூட்டினார், போனஸில் இன்னொரு 4, ஆக 3:26. டைம் டிரையலில் (தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் ஸ்டேஜ்) 8 வினாடி, 3:34. கடைசி நாள் பாரிசில் விங்கெகோர் மஞ்சள் ஜெர்சியோடு தன் டீம் ஆட்களுடன் சேர்ந்து, பெலட்டானுக்கு (முக்கியக் கூட்டத்துக்கு) பின்னால் 51 வினாடி தள்ளிக் கோட்டைத் தாண்டினார். அதனால் 2:43. பந்தயத்தில் இழந்த நேரம் இல்லை அது, கொண்டாட்டத்துக்குக் கொடுத்த நேரம்.

இதில் கவனிக்க வேண்டியது: க்ரானோன் மாலையில் 2:22, பட்டியலில் கடைசியாக நின்றது 2:43. அந்த ஒரே பிற்பகல்தான் அந்த டூர்.

க்ரானோன் அதற்கு முன்பு ஒரே ஒரு தடவை, 1986-இல்தான் டூரில் வந்திருந்தது. அன்றும் மஞ்சள் கைமாறியது, ஈனோவிடமிருந்து லெமாண்டுக்கு. 11.3 கி.மீ., சராசரி 9.2 சதவீதம். மூச்சு விடத் தட்டையான இடமே இல்லாத சாலை, ஒருமுறை உடைந்தவர் மீள முடியாது.

மஞ்சள்கோடு:

அருமை, கணக்கு தெளிவாகிவிட்டது. அப்படியென்றால் அதே சூழ்ச்சி பிறகு ஏன் எடுபடவில்லை? 2025 டூரில், மத்லேன் ஏற்றத்தில் விஸ்மா (பழைய ஜம்போ-விஸ்மா) இதையே முயன்றார்களே?

பின்சக்கரம்:

அந்த 18-ஆவது ஸ்டேஜை க்ரானோனோடு அடுத்தடுத்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். மத்லேனில், முடிவுக்கு 70 கி.மீ.க்கு மேல் இருக்கும்போது விங்கெகோர் அட்டாக் செய்தார். போகாச்சர் ஒரே ஒரு சக்கரத்தைப் பிடித்தார், அவ்வளவுதான். முன்னால் போய் இழுக்கவில்லை, பதிலுக்குப் பாயவும் இல்லை. பொதுப்பட்டியலில் அவர் கையில் 4:15 முன்னிலை இருந்தது, வேலை செய்ய வேண்டியவர் விங்கெகோர். இறங்கியதும் பள்ளத்தாக்கில் வேகம் செத்தது, பின்னால் விட்டுப்போன யுஏஇ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தயக்கத்தில் பென் ஓகானர் நழுவிப் போய் லோஸ் உச்சியில் ஸ்டேஜை வென்றார். போகாச்சர் இரண்டாவது, விங்கெகோரைவிட 9 வினாடி முன்னால்.

வித்தியாசம் இரண்டு. 2022-இல் பாய ஜம்போவிடம் இரண்டு பேர் இருந்தார்கள், இங்கே விங்கெகோர் ஒருவர். அடுத்தது, வாட்மீட்டர் சொன்ன இடம்: ஒட்டி வந்த போகாச்சருக்கு ஜெல் எடுக்க, தண்ணீர் குடிக்க நேரம் கிடைத்தது. இங்கே வாட்மீட்டர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், தந்திரத்தையும் சாப்பாட்டையும் பிரித்துப் பார்க்கவே கூடாது போல.

வாட்மீட்டர்:

ஒத்துக்கொள்கிறேன். 2023-இல் அதே லோஸில் போகாச்சர் 5:45 இழந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அன்று யாரும் மாறி மாறிப் பாயவில்லை, அவரே பின்தங்கிவிட்டார். ஆக க்ரானோனுக்குச் சொன்ன விளக்கத்தை எல்லா நாளுக்கும் மாட்ட முடியாது.

திரும்பப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. க்ரானோன் வீடியோவில் அட்டாக் நிமிடத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய சில கிலோமீட்டரை ஓட்டிப் பாருங்கள். மைக்கா இழுக்கிறார், போகாச்சர் பின்னால். ஜெர்சி ஜிப் திறந்திருக்கும். தோள் ஆடுகிறதா, உட்கார்ந்தபடி பெடல் சுற்றும் வேகம் குறைகிறதா, பாட்டிலுக்குக் கை போகிறதா என்று மட்டும் பாருங்கள். விங்கெகோரின் இடுப்புக்கு மேல் எதுவும் அசைவதில்லை. வல்வார் பகுதியையும் இதே மாதிரி, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் யார் முதலில் சீட்டிலிருந்து எழுகிறார் என்று குறித்துக்கொண்டே பார்த்தால் பின்சக்கரம் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கும்.