காளிக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் வண்டி: பிரிட்டன் நண்பர்களிடம் ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. சீலா குமாரி சிங் பர்மன் என்ற கலைஞரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2020 நவம்பரில், தீபாவளியையொட்டி, லண்டனில் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் முகப்பை நியான் விளக்குகளால் நிறைத்தவர். அந்தப் பெரிய கல்தூண்களுக்கு நடுவே காளி, ஜான்சி ராணி, கூடவே ஓர் ஐஸ்கிரீம் வண்டி. ஊரடங்கு நேரம் என்பதால் உள்ளே போக முடியாதவர்களும் தெருவில் நின்றே பார்த்தார்கள்.

அந்த வண்டி சும்மா வந்ததல்ல. பஞ்சாபிலிருந்து லிவர்பூல் பக்கம் குடியேறிய அவருடைய அப்பா ஐஸ்கிரீம் வண்டி ஓட்டித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆங்கிலேயப் பிள்ளைகளின் கோடைக்கால இனிப்பு, விற்பவரோ பஞ்சாபி. வாங்குபவர் பக்கமிருந்து மட்டுமே நுகர்வைப் பேசிப் பழகிய நமக்கு, கூம்பையும் பொட்டையும் ஒட்டி அவர் செய்யும் படைப்புகள் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களைக் காட்டுகின்றன. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

சரி, உதவிக்கு வருகிறேன். அந்த முகப்பை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளைகளோடு போனவர்கள் என்றால் இன்னும் நல்லது, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். அப்புறம், கடை வைத்திருந்த குடும்பங்களில் வளர்ந்த ஈழத்தமிழ்க் கலைஞர்கள் யாராவது விலைச்சீட்டு, அரிசிப்பை, பொட்டலத்தாள் போன்றவற்றை வைத்துப் படைத்திருந்தால் பெயர் சொல்லுங்கள். படங்கள் இருந்தால் எடுத்தவரின் அனுமதியோடு மட்டும் அனுப்புங்கள்.