லேப்டாப்பில் ஓடுது, சர்வரில் பில்ட் உடையுது: என்பிஎம் டிபென்டன்சி சிக்கல், உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நோட்.ஜேஎஸ் ப்ராஜெக்ட், வெளி லைப்ரரிகளை (டிபென்டன்சி) இறக்க என்பிஎம் பயன்படுத்துறோம். கோடில் ஒரு வரிகூட மாறலை. நேத்து வரை போன பில்ட் இன்னைக்குக் காலையிலிருந்து ஃபெயில் ஆகுது. என் லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் பாஸ். சர்வரில் மட்டும் ‘இது ஃபங்ஷன் இல்லை’ன்னு எரர். எரர் வர்ற பேக்கேஜோட பேரே, தேவையான லைப்ரரிகளை எழுதி வைக்கிற எங்க பேக்கேஜ்.ஜேசானில் கிடையாது! நோட் வெர்ஷன் ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். பில்டில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ ஓடுது. எங்கே பார்க்கணும்?

பதில் 1:
நோட்_மாட்யூல்ஸ் (இறங்கின பேக்கேஜ்கள் இருக்கிற ஃபோல்டர்), பேக்கேஜ்-லாக்.ஜேசான் (இறங்கின வெர்ஷன்களைக் குறிச்சு வைக்கிற லாக் ஃபைல்) ரெண்டையும் அழிச்சிட்டுத் திரும்ப இன்ஸ்டால் போடுங்க. பெரும்பாலும் சரியாயிடும்.

பதில் 2:
தயவுசெஞ்சு எதையும் அழிக்காதீங்க. சரியா ஓடுற வெர்ஷன்கள் எதுன்னு தெரிய உங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்த லேப்டாப்தான். அழிச்சா அங்கேயும் புது வெர்ஷன் இறங்கி, அதே எரர் வந்து நிக்கும்.

முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. லாக் ஃபைல் கிட்டில் இருக்கா? லேப்டாப்பில் ‘என்பிஎம் எக்ஸ்ப்ளெயின்’ போட்டு அந்தப் பேக்கேஜ் பேரைக் கொடுத்தா என்ன வருது? யார் அதை உள்ளே கூட்டிட்டு வந்தாங்கன்னு அது சொல்லிடும்.

கேட்டவர்:
லாக் ஃபைல் கிட்இக்னோரில் இருக்கு, அதனால கிட்டில் சேரலை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். எக்ஸ்ப்ளெயினில் 2.4.1 காட்டுது. நாங்க சேர்த்த ஒரு லைப்ரரி அதை ^2.4.0 னு கேக்குது. சர்வர் லாகில் 2.5.0.

பதில் 2:
அப்போ காரணம் அதுதான். ^2.4.0 ன்னா 2.4.0 முதல் 3.0.0க்குக் கீழ் எதுவும் சம்மதம்னு அர்த்தம். 2.5.0 வெளியானதும், லாக் இல்லாத சர்வர் அதை எடுத்துக்கிச்சு. மைனர் வெர்ஷன் (நடு எண் மாறுறது) பழைய கோடை உடைக்கக் கூடாதுங்கிறது ஒப்பந்தம்தான், ஆனா அதைக் காப்பாத்த வேண்டியது பேக்கேஜ் எழுதினவர். என்பிஎம் சோதிச்சுப் பார்க்காது. பேக்கேஜ்.ஜேசானில் எல்லா ^ குறியையும் எடுத்தாலும் பயனில்லை, உடைஞ்சது அடுத்த அடுக்கில், அந்த லைப்ரரி கூட்டிட்டு வந்த பேக்கேஜில். அந்த லைப்ரரியோட சொந்த லாக் ஃபைலும் உங்க ப்ராஜெக்டில் செல்லாது. உங்க லாக் மட்டுமே பேசும்.

கிட்இக்னோரிலிருந்து அந்த வரியை எடுங்க. லேப்டாப்பில் இருக்கிற லாக் ஃபைலை அப்படியே கமிட் பண்ணுங்க. பில்டில் ‘என்பிஎம் சிஐ’ன்னு மாத்துங்க. அது நோட்_மாட்யூல்ஸை அழிச்சிட்டு, லாக்கில் எழுதியிருக்கிற வெர்ஷனையே இறக்கும், லாக்கைத் தொடாது.

கேட்டவர்:
செஞ்சேன். இப்போ சிஐ வேற எரர் தருது, பேக்கேஜ்.ஜேசானும் லாக்கும் பொருந்தலையாம்.

பதில் 2:
நல்லதுதான், அதைக் கண்டுபிடிச்சு நிறுத்துறதுதான் அதோட வேலை. யாரோ பேக்கேஜ்.ஜேசானைக் கையால திருத்தியிருப்பாங்க. லேப்டாப்பில் ஒரு தடவை ‘என்பிஎம் இன்ஸ்டால்’ போடுங்க, ஏற்கெனவே லாக்கில் இருக்கிறதை முடிஞ்ச வரை விட்டுட்டு, விடுபட்டதை மட்டும் சேர்க்கும். கமிட்டுக்கு முன்னாடி டிஃப் (என்ன மாறிச்சுன்னு) பாருங்க, 2.4.1 அப்படியே இருக்கணும்.

கேட்டவர்:
பில்ட் பாஸ்! ரொம்ப நன்றிங்க. ஆனா இப்படி லாக் பண்ணிட்டா பாதுகாப்புத் திருத்தங்கள் தானா வராதே?

பதில் 3:
தானா வராது, நீங்க கூப்பிடணும். ‘என்பிஎம் அவுட்டேட்டட்’ (புது வெர்ஷன் வந்ததைக் காட்டும்), ‘என்பிஎம் ஆடிட்’ (தெரிஞ்ச பாதுகாப்பு ஓட்டைகளைக் காட்டும்) ரெண்டையும் அடிக்கடி ஓட்டுங்க. அப்டேட் பண்ணும்போது ஒரு பேக்கேஜை மட்டும் தனி கமிட்டாப் போடுங்க, உடைஞ்சா எதுன்னு உடனே தெரியும். அப்டேட் போடும்போது 2.5.0 திரும்ப நுழையலாம். அதைத் தடுக்க பேக்கேஜ்.ஜேசானில் ‘ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் 2.4.1னு எழுதி வைங்க. என்பிஎம் 8.3லிருந்து அந்த வசதி இருக்கு. பேக்கேஜ் எழுதினவருக்கு ஒரு இஷ்யூவும் (பிழைப் புகார்) போட்டுடுங்க. சரி பண்ணி அடுத்த வெர்ஷன் வந்ததும் அந்த வரியை மறக்காம எடுத்துடுங்க.