விரல் இறுகும் நோய்க்கு உள்ளங்கையில் ஊசி: விறைப்பு ஊசி இல்லாமல் வலியைக் குறைக்கலாமா?

கேள்வி (மருதமுனை):
எங்கள் உம்மா பல வருடங்களாகக் கைத்தறி நெய்பவர். நாடாக் கயிற்றை இழுக்கும் வலக்கையின் மோதிர விரல் காலையில் மடிந்தபடியே இறுகிவிடுகிறது. மறு கையால் நிமிர்த்தினால் ‘டக்’ என்ற சத்தத்துடன்தான் விரிகிறது. உள்ளங்கையில் ஸ்டெரொயிட் ஊசி போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். முன்பு இடக்கையில் இதே ஊசி போட்டபோது, முதலில் விறைப்பதற்காகப் போட்ட ஊசியே பெரும் வேதனையாக இருந்ததால், இப்போது கிளினிக்குக்கு வரவே மறுக்கிறார். அவருக்குச் சீனி வருத்தமும் உண்டு. விறைப்பு ஊசியைத் தவிர்த்து வலியைக் குறைக்க வழி உண்டா?

மறுமொழி (தாதிய உத்தியோகத்தர், மட்டக்களப்பு):
உங்கள் உம்மாவின் பயம் நியாயமானது. உள்ளங்கையில் உணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக உள்ளன. அங்குள்ள தடித்த தோலும் அடியிலுள்ள இழைகளோடு இறுகிப் பிணைந்திருப்பதால், மருந்து பரவ இடமின்றி அழுத்தம் ஏறி, குத்தும்போது மட்டுமன்றி மருந்து உள்ளே செல்லும்போதும் கடுமையாக வலிக்கும். ஆகவே தோலை விறைக்கச் செய்வது பாதி வேலைதான். மெல்லிய ஊசியால், அவசரமின்றி மெதுவாகச் செலுத்தும்படி வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பல வைத்தியர்கள் விறைக்கச் செய்யும் லிக்னொகேன் மருந்தை ஸ்டெரொயிட்டுடன் ஒரே சிரிஞ்சில் கலந்து போடுவதால், தனியாக இன்னொரு குத்து தேவைப்படுவதில்லை. உள்ளங்கைக்குப் பதிலாக, தோல் மெலிந்திருக்கும் விரலடியின் பக்கவாட்டில் போடும் முறையும் உண்டு. உம்மாவுக்கு அது பொருந்துமா என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

தோலுக்குக் குளிர்தான் எளிய வழி. மெல்லிய துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை அந்த இடத்தில் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து, தொற்றுநீக்கி பூசி, அது உலர்ந்ததும் குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், அதிகம் பிந்தினால் விறைப்பு போய்விடும். சில இடங்களில் எதைல் குளோரைட் ஸ்பிரே அடிப்பார்கள். அதன் கொதிநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் மட்டுமே என்பதால், தோலில் பட்டவுடன் ஆவியாகிச் சில விநாடிகளில் விறைக்கச் செய்கிறது.

மறுமொழி (களுவாஞ்சிகுடி):
எனக்குப் பெருவிரலில் ஊசி போட்டபோது, தாதி ஒருவர் மணிக்கட்டுக்குக் கீழே விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். குத்தியது தெரிந்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. தொடுகை, அதிர்வு போன்ற உணர்வுகள் முள்ளந்தண்டில் வலிச் செய்தியைத் தணிக்கின்றன என்று 1965 இல் மெல்சாக், வோல் என்ற வலி ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். உம்மாவைப் படுக்க வைத்தே போடச் சொல்லுங்கள், தங்கச்சி. பயந்தவர்கள் இருந்தபடியே மயங்கிவிடுவதுண்டு.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தோலை விறைக்கச் செய்யும் எம்லா கிரீமை வீட்டிலேயே பூசிக்கொண்டு போனால் போதாதா?

மறுமொழி (தாதிய உத்தியோகத்தர்):
அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்தக் கிரீமை மற்ற இடங்களிலேயே மூடிக்கட்டி ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். தறி இழுத்துத் தடித்த உள்ளங்கையில் அது சரியாக ஊறாது. சீனி வருத்தத்தால் விரல்களில் உணர்வு குறைந்திருந்தால், ஐஸ் வைப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் தோல் குளிரில் புண்படுவது அவருக்குத் தெரியாமல் போகலாம். ஸ்டெரொயிட் போட்ட பின் சில நாட்களுக்குச் சீனி ஏறக்கூடும் என்பதால், அந்நாட்களில் குளுக்கோமீற்றரால் தவறாமல் பார்த்து, வழக்கத்தைவிடக் கூடினால் கிளினிக்குக்கு அறிவியுங்கள்.