பில்டர் வேகத்தால் உங்கள் மீன் பட்ட பாடு: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பதிவு 1
20 லிட்டர் தொட்டி, விளிம்பில் மாட்டும் ஹேங்-ஆன் பில்டர், நீள வால் ஃபைட்டர் மீன் ஒன்றே ஒன்று. வந்த நாளிலிருந்து ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலேயே கிடந்தான். வால் ஓரம் கிழிய ஆரம்பித்ததும் வால் அழுகல் என்று நானே முடிவு கட்டி மருந்தும் போட்டேன். மூன்றாவது வாரம் பஞ்சு கழுவப் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீந்தினான், திரும்பினான், மறுபடி நீந்தினான். அவன் வாலை முழுதாக விரித்து நான் பார்த்தது அன்றுதான். கையில் ஈரப் பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் தள்ளாத ஒரே இடத்தை மூன்று வாரமாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். இப்போது ராத்திரி மட்டும் பில்டரை நிறுத்தி வைக்கிறேன்.

பதிவு 2
எனக்குக் கப்பி, குட்டி போடும் மீன். ராத்திரி இருபது குட்டிக்கு மேல் எண்ணினேன், காலையில் ஆறு. தாய்தான் தின்கிறது என்று அதைத் தனியே எடுத்து வைத்தேன். மறுநாள் நான்கு. பில்டரைத் திறந்தால் பஞ்சுக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புக் கண்கள் என்னைப் பார்க்கின்றன. அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. உறிஞ்சும் வாயில் ஒரு துண்டுப் பஞ்சு மாட்டியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும்.

பதிவு 3
முதல் பதிவு போட்டவருக்கு: ராத்திரி பில்டரை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. என்னுடையது கேனிஸ்டர், தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் பில்டர். தண்ணீர் மாற்றிவிட்டு ஆன் செய்ய மறந்து தூங்கிவிட்டேன். காலையில் அவசரமாகப் போட்டேன். வெளிக்குழாயிலிருந்து பழுப்பாய்த் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். அடியிலேயே கிடக்கும் கோரி மீன்கள் எல்லாம் மேலே பாய்ந்து வந்தன. அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. எட்டில் ஐந்து போய்விட்டன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பில்டர் பஞ்சில்தான் குடியிருக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பாவில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அது சாகத் தொடங்கும். ஹேங்-ஆனில் இவ்வளவு மோசமாகாது என்றாலும் தினமும் நிறுத்துவது சரியில்லை. நெடுநேரம் நின்றுபோனால் மீடியாவை, அதாவது பில்டருக்குள் இருக்கும் பஞ்சு வகையறாவை, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் ஓட விடுங்கள்.

பதிவு 4
என் கதை சின்னது. கேனிஸ்டர் வேகத்தைக் குறைக்க உறிஞ்சும் பக்க வால்வைப் பாதி மூடினேன். பம்ப் கடகடவென்று கத்தியது, பத்து நாளில் நின்றது. மூடுவதென்றால் வெளியேறும் பக்கத்தைத்தான் மூட வேண்டும்.

அந்த ஃபைட்டருக்காகச் சொல்கிறேன். பில்டர் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் மீடியா இல்லாமல் எடுத்தது. மணிக்குத் தொட்டி அளவைப் போல நாலைந்து மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், நீள வால் ஃபைட்டருக்கு அதுவே அதிகம். தண்ணீர் விழும் உதட்டில் ஒரு பஞ்சைச் செருகுங்கள். தொட்டி மட்டத்தையும் அந்த உதடுவரை ஏற்றி வையுங்கள். மட்டம் இறங்க இறங்க அருவிபோல் கொட்டும். இதற்கும் அடங்காவிட்டால் ஏர் பம்ப் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் பில்டருக்கு மாறிவிடுங்கள், ஏர் குழாயில் சின்ன வால்வு வைத்துக் குமிழியைக் குறைக்கலாம். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒரு பக்கம் மட்டும் போக விடும் செக் வால்வு கட்டாயம், இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்கே வந்துவிடும். ஓட்டம் தானாகக் குறைந்தால் மீனுக்கு நல்லதுதானே என்று விடாதீர்கள், பஞ்சு அடைத்திருக்கிறது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள்.

பதிவு 5
எல்லாரும் குறை குறை என்றே சொல்கிறீர்கள். நானும் குறைத்தேன். பில்டர் தண்ணீரைப் பீச்சும் ஓட்டைக் குழாயான ஸ்ப்ரே பாரைத் தண்ணீருக்குள் இறக்கிக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினேன். ஒரு வாரத்தில் மேலே எண்ணெய்போல ஆடை படிந்தது. ஒரு நாள் விடியற்காலை விளக்கைப் போட்டேன், முப்பது நியான் டெட்ராவும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செடி நிறைந்த தொட்டி அது, இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வெப்பம் வேறு 30 டிகிரி. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30-இல் ஏறக்குறைய ஏழரைதான். பாரை மேலே தூக்கி மட்டம் சலசலக்க விட்டேன். அரை மணியில் எல்லாம் கீழே இறங்கின. ஃபைட்டர் மேலே வந்து காற்றை நேராகக் குடிக்கும், டெட்ராவுக்கு அது முடியாது. ஓடைப் பாறையில் ஒட்டி வாழும் லோச் மீன் வைத்திருப்பவரிடம் போய் ஓட்டத்தைக் குறை என்று சொல்வீர்களா? மீனைப் பார்த்துத்தான் வேகம்.

பதிவு 1 போட்டவர்
உதட்டில் பஞ்சு செருகிவிட்டேன், ராத்திரியும் பில்டர் ஓடுகிறது. பகலில் தொட்டி முழுக்கச் சுற்றுகிறான், மூலையில் நுரைக்கூடுகூடக் கட்டியிருக்கிறான். தூங்க மட்டும் இன்னமும் ஹீட்டருக்குப் பின்னால்தான் போகிறான். அங்கே ஓட்டமே இல்லை என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.