விருந்துக்குப் பழைய காலத்துத் தலை: வெட்டாமல் எதையெல்லாம் செய்யலாம்?

கொக்குவில்_சீப்பு

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். பெரும்பாலும் மணப்பெண் அலங்காரம்தான், பூ வைத்துச் சடை பின்னச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பின்னுவேன். இப்போது வந்திருப்பது வேறு மாதிரியான வேலை. கனடாவிலிருந்து வரும் மச்சாள், கலியாணத்துக்கு அடுத்த நாள் விருந்தில் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு பத்தாண்டின் தலையோடு வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். 1920களில் தொடங்கி 90கள் வரை. அனுப்பிய படங்களில் பாதி கட்டையாக வெட்டிய தலை. இங்கே எல்லாருக்கும் இடுப்பைத் தொடும் தலைமயிர், கத்தரிக்கோலை எடுத்தால் தாய்மார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். எதை வெட்டாமல் செய்யலாம், எதை விட்டுவிடலாம்? ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்றும் தெரிந்தால் எழுதுங்கள், மச்சாள் மைக்கில் சொல்லப் போகிறாளாம்.

பழைய_றீல்

தங்கச்சி, 20களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதுதான் லேசு. அந்தப் படத்தில் இருப்பவர் லூயிஸ் புரூக்ஸ், அமெரிக்க மௌனப்பட நடிகை. கறுத்த, பளபளப்பான, புருவம் வரை நெற்றியில் விழும் பொப், அதாவது கழுத்துக்கு மேலே கட்டையாக வெட்டிய தலை. அவருக்கு அது சின்ன வயதிலேயே வெட்டிவிட்ட தலை, பிறகு உலகமே அதைப் பார்த்து வெட்டிக்கொண்டது. அதற்கு முன்பே நடனக்காரி ஐரீன் காசில் வெட்டிக்காட்டிவிட்டார், அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது சீவ வசதியாக இருக்கட்டும் என்று வெட்டியது மோஸ்தராகிப் போனது.

வெட்டாமல் செய்ய வழி நம்மிடமே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டுகிறார்களே, அதே வேலைதான். பிடரியில் தளர்வாக ஒரு பின்னல் பின்னி, நுனியை உள்ளே மடித்துக் கழுத்தோடு ஊசி குத்திவிட்டு, மேல்மயிரை அதன்மேல் விழவிட்டு உள்பக்கமாகச் சுருட்டினால் தூரத்தில் இருந்து பார்க்கப் பொப்தான். நெற்றிக்கு ஒட்டுமயிர் வைத்துக்கொள்ளுங்கள்.

40களுக்கு ஹொலிவுட் நடிகை வெரோனிக்கா லேக். ஒரு கண்ணை மறைத்து அலையலையாக விழும் தலை. போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் அவரைப் போலவே மயிரை விட்டுக்கொண்டு இயந்திரத்துக்கு முன்னால் நின்றார்கள், மாட்டிக்கொண்டால் தோலோடு போகும். அதனால் அமெரிக்க அரசாங்கமே அவரிடம் தலையை மாற்றச் சொல்லிக் கேட்டது, அவரும் ஏற்றிக் கட்டிக்கொண்டார். மச்சாள் மைக்கில் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. 50களுக்கு ஓட்ரி ஹெப்பர்னைக் கேட்டால் மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். 1953இல் வந்த 'ரோமன் ஹொலிடே' படத்தில் கதையிலேயே முடி வெட்டுபவரிடம் போய் வெட்டிக்கொள்வார், அந்தத் தலை வெட்டினால்தான் வரும்.

சுன்னாகம்_மாமி

றீல் தம்பி சொல்வது சரி, ஆனால் எண்ணெய் வைத்த தலையில் ஒன்றும் நிற்காது என்பதை யாராவது சொல்லவேண்டாமா? பிள்ளை, முதல் நாளே சீயாக்காயோ ஷாம்புவோ போட்டு முழுகச் சொல்லுங்கள், பிறகு ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது. அன்றைக்கே முழுகி வந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

60களுக்குத் தேன்கூட்டுக் கொண்டைதான். 1960இல் சிக்காகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற சிகை அலங்காரப் பெண்மணியிடம், அழகுக்கலை சஞ்சிகை ஒன்று புதிதாக ஏதாவது செய்து தாருங்கள் என்று கேட்க, அவர் தன்னிடம் இருந்த சின்ன வெல்வெட் தொப்பியின் வடிவத்தை மனதில் வைத்துக் கட்டியது. உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு மயிரைப் பிரித்துத் தூக்கிப் பிடியுங்கள், சீப்பை நுனியில் இருந்து வேர்ப்பக்கம் தள்ளுங்கள், அடியில் பஞ்சு மாதிரி ஒரு மெத்தை சேரும். அப்படி நாலைந்து வரிசை. கடைசியாக முன்மயிரை அதன்மேல் மெல்ல மூடிச் சீவவேண்டும், அழுத்திச் சீவினால் எல்லாம் இறங்கிவிடும். உயரம் போதாவிட்டால் உள்ளே சவுரியைச் சுருட்டி வையுங்கள். அவிழ்க்கும்போது நுனியில் இருந்து சிக்கெடுக்கவேண்டும், அவசரப்பட்டால் பிள்ளை அழும்.

நெற்றியில் முன்மயிர் விழ வெட்டும் 'சாதனா கட்' பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! 1960இல் 'லவ் இன் சிம்லா' என்ற ஹிந்திப் படத்தில் நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க இயக்குநர் செய்த யோசனை அது, அதுவும் ஓட்ரி ஹெப்பர்னைப் பார்த்துத்தான். என் அக்கா வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் தானே வெட்டிக்கொண்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, அம்மா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்று நின்றுவிட்டா.

மூன்றாம்_ஒழுங்கை

70களுக்கு அமெரிக்க நடிகை ஃபாரா ஃபோசெட், 1976இல் வந்த அந்தச் சிவப்பு நீச்சலுடைப் போஸ்டர். அடுக்கடுக்காக வெட்டிய தலை என்றாலும் பெரிய ரோலர் போட்டு முன்மயிரை முகத்தில் இருந்து வெளிப்பக்கம் திருப்பினால் ஓரளவு கிட்ட வரலாம். 90களின் நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் தலையை விட்டுவிடுங்கள், தனியாகச் சீவிக்கொள்ள முடியாத தலை என்று அவரே குறைப்பட்டிருக்கிறார்.

80களுக்கு இங்கிலாந்து இளவரசி டயானாவின் கட்டைத் தலை. 1981 கலியாணத்துக்குப் பிறகு எந்த ஊர் சலூனிலும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், வெட்டிவிடுவார்கள். எங்கள் சின்னம்மாவும் கொழும்பில் வேலை செய்தபோது வெட்டிக்கொண்டா. ஊருக்கு வந்தபோதுதான் பிரச்சினை. இங்கே கட்டை மயிர் என்றால் இயக்கத்துப் பெண் போராளிகளின் ஞாபகம்தான் எல்லாருக்கும் முதலில் வரும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவவை மட்டும் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு மயிர் வளரும்வரை ஊர்ப்பக்கமே வரவில்லை. போன வருடம்தான் திரும்பவும் கட்டையாக வெட்டினா, கேட்டதற்கு "சாயம் பூச லேசு" என்கிறா. இதை மச்சாளுக்குச் சொல்லவேண்டாம், விருந்தில் யாரும் அழவேண்டாம்.

கொக்குவில்_சீப்பு

எல்லாருக்கும் நன்றி. மூன்றாம்_ஒழுங்கை, உங்கள் சின்னம்மா கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், தன் கூட்டாளி ஒருத்தியும் அப்படித்தான் அல்லற்பட்டதாகச் சொன்னா.

பொப் நன்றாக வந்தது, பெரியம்மாவே ஒரு நிமிடம் பயந்துபோய் "வெட்டிப்போட்டியோ" என்று கத்தினா. ஓட்ரியும் அனிஸ்டனும் இல்லை என்று மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். தேன்கூட்டை நேற்று தங்கச்சியின் தலையில் கட்டிப் பார்த்தேன், மாமி சொன்னபடியே, உள்ளே சவுரியோடு. ஒன்றரை மணித்தியாலம், ஒரு பெட்டி ஹெயார்பின். கட்டி முடித்துப் படம் எடுத்த பிறகுதான் அவள் ஸ்கூட்டியில் வந்தது ஞாபகம் வந்தது. ஹெல்மெட் போக வழியே இல்லை. கடைசியில் ஓட்டோ பிடித்து, உள்ளே குனிந்தபடியே இருக்கவைத்து அனுப்பினேன். ஸ்கூட்டி இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது.